கண்ணாடித் தரை

துறைமுகத்தில் எல்லோரும் அவளை ஆகாசம் என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தது. பத்து மாடி உயரக் கிரேன், அதன் உச்சியில் ஒரு கண்ணாடிக் கூண்டு, அதற்குள் அவள். கூண்டின் தரையும் கண்ணாடிதான். முன்னால் குனிந்து, இரண்டு பாதங்களுக்கும் நடுவே பார்த்துப் பார்த்தே கப்பலிலிருந்து கண்டெய்னர்களைத் தூக்கி லாரிமேல் வைப்பாள். பனி மூடும் காலைகளில் கப்பல் மறையும், கடல் மறையும், கத்திக்கொண்டே இருக்கும் சூப்பர்வைசரும் மறைவார். அதுதான் சொர்க்கம் என்பாள். கூண்டு மெல்ல ஆடும். வெள்ளைக்குள் மிதந்தபடி, பனி விலகுவதற்காகக் காத்திருப்பாள்.

அந்தச் சொர்க்கத்துக்கும் வேட்டு வைத்தார்கள். இனி யாரும் மேலே ஏற வேண்டாம், கீழே ஏசி அறையில் உட்கார்ந்து திரையைப் பார்த்தே கிரேனை ஓட்டலாமாம். பயிற்சி உண்டு, கடைசியில் தேர்வும் உண்டு. தேறினால் அந்த அறையில் ஒரு நாற்காலி. தேறாவிட்டால் வாசலில் உட்கார்ந்து லாரிகளுக்குக் கதவு திறந்துவிட வேண்டியதுதான். ஆகாசத்துக்கு வாசற்கதவா!

பயிற்சி அறையில் அவள் அடித்த கூத்தை என்னவென்று சொல்வது? எதிரே சுவர் அகலத்துக்குத் திரை. இவளோ குனிந்து காலடியைப் பார்த்தாள். அங்கே என்ன இருக்கும்? கம்பளமும் அவள் செருப்பும்தான். திரையில் கண்டெய்னர் போய் லாரியின் தலையில் டமாரென்று இறங்கியது.

“அக்கா, நேரா பாருங்கக்கா!” என்றாள் பயிற்சி கொடுக்க வந்த பெண்.

“பார்க்கணும்னுதான் நினைக்கறேன்மா. கழுத்து கேட்க மாட்டேங்குதே!”

வீட்டுக்கு வந்து அழுதாள். அவள் புருஷன் பஸ் ஓட்டுகிறவர். கேட்டுச் சிரித்தாலும் விஷயம் தெரிந்த மனுஷன்.

“நானும் ஆரம்பத்துல சைடு கண்ணாடியை நம்பாம, கழுத்தைத் திருப்பித் திருப்பித்தான் ரிவர்ஸ் எடுத்தேன். எழுந்திரு, பழகலாம்.”

முக்காலியில் ஏறி நின்று, தன் போனைச் சாப்பாட்டு மேசைக்கு மேலே பிடித்துக்கொண்டு, அவள் போனுக்கு வீடியோ கால் போட்டார். அவள் போன் எதிர்ச் சுவரில் சாய்ந்திருந்தது. அதைப் பார்த்தபடியே கப்பைத் தூக்கிச் சாஸரில் வைக்க வேண்டும். குனிந்தால், “கழுத்து!” என்று மேலேயிருந்து ஒரு அதட்டல். முதல் கப் மேசையைத் தாண்டிப் போய் உடைந்தது.

“ஏன்டி, அவ்வளவு பெரிய கப்பலுக்கே அசராதவ, ஒரு கப்புக்கு நடுங்கறியே!”

“பேசாம போனை ஆட்டாம பிடிங்க!”

கப்புகள் குறையக் குறையக் கை நிதானப்பட்டது. ஒரு நாள் சாஸரில் கப் உட்கார்ந்த சத்தமே கேட்கவில்லை. அவர் முக்காலியில் நின்றபடியே கைதட்டப் போய், போனைக் கீழே போட்டார்.

தேர்வன்று அவள் தலை ஒருமுறைகூடக் குனியவில்லை. திரையில் கண்டெய்னர்கள் கனவில் நகர்வதுபோல நகர்ந்து, அலுங்காமல் குலுங்காமல் லாரிமேல் இறங்கின. பயிற்சிப் பெண் ஓடிவந்து கட்டிக்கொண்டாள். நாற்காலி அவளுக்குத்தான்.

மேலே அவளுடைய தண்ணீர் பாட்டிலும் சால்வையும் கிடந்தன. எடுத்துவரப் போனாள். கூண்டுக்குள் கால் வைத்து, பழைய பாசத்தில் பாதங்களுக்கு நடுவே பார்த்தாள். கீழே லாரிகள் எறும்பாய் ஊர்ந்தன, கடல் சுழன்றது. இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் சுற்றாத தலை கிறுகிறுவென்று சுற்றியது. கம்பியைப் பிடித்துக்கொண்டு புருஷனுக்குப் போன் போட்டாள்.

“என்னாச்சு? போச்சா?”

“பாஸாயிட்டேன்.”

“அடி சக்கை! அப்புறம் எதுக்கு அழற?”

“மேல நிக்கறேங்க. கீழ பார்த்தா எனக்குப் பயமா இருக்கு. எனக்கு!”

“நேரா பாரு. கம்பியை விடாத. மெதுவா இறங்கு, நான் பேசிக்கிட்டே இருக்கேன்,” என்றார்.

சால்வையைத் தோளில் போட்டுக்கொண்டு, குனியாமல், ஒவ்வொரு படியாகக் காலால் தேடித்தேடி இறங்கினாள்.