குழாய் போடாத பத்து நிமிடம்

இது நடந்தது. மலேசியாவின் ஈப்போவில், 1981 ஆகஸ்டில், பட்டப்பகலில். தாதி பியாட்ரிஸ் இன்றும் அதே ஊரில், சிலிபின் பகுதியில்தான் இருக்கிறாள். கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

தீவிரக் கவனிப்புப் பிரிவு, ஆறாம் கட்டிலில் வீரம்மா. ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவுபவள். கத்தி பட்ட காலில் சீழ் வைத்து, விஷம் இரத்தத்தில் ஏறியிருந்தது. எத்தனை மருந்து ஏற்றியும் இரத்த அழுத்தம் எழுபதைத் தாண்டவில்லை.

"மூச்சுக்குழாய் போட்டு மெஷின்ல விடணும். ஆனா தெளிவாப் பேசுறாங்களே..." டாக்டர் ஜெயபாலன் தயங்கினார். போடும்போதே அழுத்தம் விழுந்து உயிர் போகலாம். தாமதித்தாலும் போகலாம்.

"என் வாய அடைக்கவா டாக்டர்? என் புருசனாலயே முடியல லா!" வீரம்மா மூச்சிரைக்கச் சிரித்தாள்.

"மூச்சு நிமிஷத்துக்கு நாப்பதத் தாண்டினா உடனே போன் பண்ணு," என்று பியாட்ரிஸிடம் சொல்லிவிட்டு அவர் அடுத்த வார்டுக்குப் போனார். மகள் நவமணி சம்மதக் கையெழுத்துப் போட்டுவிட்டுத் துணி எடுத்துவர வீட்டுக்குப் போயிருந்தாள்.

3:10. நாற்பத்திரண்டு.

பியாட்ரிஸ் தொலைபேசியை எடுத்தாள். கட்டிலருகே ஒருவன் நின்றான். கதவுச் சத்தம் கேட்கவில்லை...

"பத்து நிமிஷம் மிஸ்ஸி. குழாய் போட்டா அம்மா பேச முடியாதுல்ல?"

"சன்னாசி! வந்துட்டியாடா?" வீரம்மாவின் முகம் மலர்ந்தது.

பியாட்ரிஸின் அப்பா குழாயோடுதான் போனார். மகளிடம் கடைசியாக ஒரு வார்த்தை பேச முடியவில்லை. தொலைபேசியை வைத்துவிட்டாள். வீரம்மாவுக்காகவா, தனக்காகவா? அந்தக் கேள்வி இன்னும் அவளைத் தூங்க விடுவதில்லை.

தாயும் மகனும் கிசுகிசுத்தார்கள். பழக்கத்தில் பியாட்ரிஸின் கண் அவன் மூச்சை எண்ணப் போனது.

ஒரு நிமிடம்.

மார்பு ஏறவில்லை...

இறங்கவில்லை...

3:20. அவன் இல்லை.

வீரம்மாவின் கண் சொருகியிருந்தது.

பியாட்ரிஸ் போன் பண்ணியதும் டாக்டர் ஓடிவந்தார். 3:26க்குக் குழாய் இறங்கியது. 3:41க்கு இதயம் நின்றது.

"நாப்பது எப்போ தாண்டுச்சு?"

"இப்பத்தான் டாக்டர்."

நோயாளிக் குறிப்புத் தாளிலும் 3:20 என்றே எழுதினாள்.

சாயங்காலம் நவமணி அழுதுகொண்டு நின்றாள். தன் நெஞ்சைத் தேற்றிக்கொள்ளத்தான் பியாட்ரிஸ் சொன்னாள்: "உங்க அண்ணன்கிட்ட பேசிட்டுத்தாம்மா போனாங்க."

நவமணியின் அழுகை நின்றது.

"எனக்கு ஒரே அண்ணன் மிஸ்ஸி. லகாட்டுல ஈயம் தோண்டுன குட்டையில முங்கிச் செத்து ஒம்பது நாளாச்சு. அம்மா தாங்காதுன்னு மறைச்சு வச்சிருந்தோம்..."

அவள் ஒரு அடி பின்வாங்கினாள்.

"யார்கிட்ட மிஸ்ஸி எங்கம்மாவ விட்டீங்க?"