அழைப்பிதழில் ஏறிய பட்டம்

என் அண்டை வீட்டுப் பெண்ணின் முதல் பட்டதாரிச் சான்றிதழைக் கிராம நிர்வாக அலுவலர் வேண்டுமென்றே இழுத்தடித்தார் என்று மேலகரத்தில் இன்றும் சொல்கிறார்கள். அது உண்மையன்று. காலத்தாழ்வுக்குக் காரணம் நான். அவர் மாற்றலாகிப் போய்விட்டார்; மறுத்துச் சொல்ல வேறு ஆளில்லை. ஆகவே எழுதுகிறேன்.

குடும்பத்தில் எவரும் பட்டம் பெறாதிருந்து, ஒரு பிள்ளை கலந்தாய்வு வழியே பொறியியல் சேர்ந்தால், கல்விக் கட்டணத்தை அரசே ஏற்கும். அதற்கு அச்சான்றிதழ் வேண்டும். பெண்ணின் தாய் கணவரை இழந்தவர். சாரல் காலத்தில் குற்றாலத்தில் பழக்கடை வைப்பவர். சலுகை இல்லையெனில் படிப்பும் இல்லை என்பதை அவ்வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. அவரால் கடையை விட்டு நகர இயலாமையால், ஓய்வுபெற்ற தமிழாசிரியனாகிய நான் மனுவோடு அலைந்தேன்.

மூன்றாம் முறை சென்றபோது அலுவலர் இழுப்பறையிலிருந்து ஒரு திருமண அழைப்பிதழை எடுத்து மேசைமேல் வைத்தார். பெண்ணின் தமையனுடைய திருமணத்துக்குரியது.

“பாருங்க ஐயா. அண்ணன்காரன் பேருக்குப் பின்னால பட்டம் போட்டிருக்கு. கல்யாணத்துக்கு நானும் வந்து சாப்பிட்டுட்டுத்தான் போனேன். இப்ப வீட்ல பட்டதாரியே கிடையாதுன்னு எப்படிக் கையெழுத்துப் போடுவேன்?”

‘இளங்கலை வணிகவியல்’ என்னும் அச்சொற்கள் என்னுடையவை. எங்கள் பக்கத்தில் மணமக்கள் பெயரையடுத்துப் படிப்பை அச்சிடாவிட்டால் சம்பந்திகளின் முகம் வாடும். பையனுக்கு மூன்று தாள்கள் தேறாமல் நின்றதை நான் அறிவேன். அடுத்த தேர்வில் தேறிவிடுவான் என்று எண்ணி, ஆங்கில எழுத்துகளை விலக்கித் தூய தமிழில் எழுதிக் கொடுத்தேன். அவன் அத்தேர்வுகளை எழுதவேயில்லை.

அவன் பட்டம் பெறவில்லை என்று கல்லூரியிலிருந்து கடிதம் வாங்கிவரச் சொன்னார் அலுவலர். கல்லூரி சுரண்டைப் பக்கம். அவனுடைய மாமனாரின் கடையும் அங்கேதான். பையன் ஒரு வாரம் சாக்குச் சொன்னான். சேர்க்கைக்கான கடைசி நாள் நெருங்கியது. ஒரு மாலை, பழக்கூடையை இறக்கிக்கொண்டே தங்கை சொன்னாள்:

“ஏண்ணே, நீ பாஸாகலன்னு ஒரு வரி வாங்கிட்டு வா. நான் பாஸாயிட்டேம்லா.”

மறுநாள் அவனும் நானும் சென்றோம். கடிதத்தை வாங்கிக்கொண்டு பேருந்துக்கு நின்றபோது மாமனார் கண்டுவிட்டார்.

“என்ன மாப்ள, இங்கன நிக்கிய? சர்டிபிகேட்டு வாங்க வந்தியளா?”

“இல்ல மாமா. நான் பாஸாகலன்னு எழுதி வாங்க வந்தேன். தங்கச்சி படிப்புக்கு வேணும்.”

அவர் கடிதத்தை வாங்கி இருமுறை படித்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“பத்திரிகை நீங்க எழுதுனதுதான ஐயா? ஒரு எழுத்துப்பிழை கிடையாதுன்னு நான் எல்லார்ட்டயும் காட்டிட்டுத் திரிஞ்சேன்.”

கடிதத்தைத் திரும்பப் பெற்று மடித்துப் பையில் வைத்தேன். பிறகு தென்காசிப் பேருந்தில் ஏறினோம்.

சான்றிதழ் கடைசி நாளுக்கு முந்தைய நாள் வந்தது. பெண் கல்லூரியில் சேர்ந்துவிட்டாள். தமையன் சுரண்டைக்குப் போவதைக் குறைத்துக்கொண்டான் என்று அறிகிறேன். அழைப்பிதழ் எழுதித் தரக் கேட்டு வருவோரை இப்போது திருப்பி அனுப்பிவிடுகிறேன். உடல் தளர்ச்சி என்கிறேன், அதுவும் பொய்யன்று.

இதில் விதிகளையோ நிகழ்ச்சிகளின் வரிசையையோ பிறழ எழுதியிருப்பின் அறிந்தோர் திருத்தியருள்க. அந்த அழைப்பிதழ் அச்சேறுமுன் அதன் மெய்ப்பை நான் ஒருவனே பார்த்தேன். இதையேனும் பலர் பார்க்கட்டும்.