இசைத்தட்டு உறையில் இல்லாத பெயர்

உலகம் முழுக்க ஆடிய ஓர் அமெரிக்க ‘சோல்’ இசைப் பாட்டுக்கு பேஸ் கிற்றார் வாசித்தவர் எங்கள் ராசன் மாமா என்று ஐம்பது வயதுவரை நம்பியவன் நான். போதாததற்கு, போன கிழமை, ஐரோப்பாவில் நான் வேலை செய்யும் சில்க்போர்க் நகர அலுவலகத்தில், பழைய இசைத்தட்டுகள் சேர்க்கும் என் மேலாளரிடம் அதைப் பெருமையாகச் சொல்லி, திங்கட்கிழமை ஆதாரம் கொண்டுவருவதாக வாக்கும் கொடுத்துவிட்டேன்.

சனிக்கிழமை ரண்டர்ஸ் நகரில் ஒரு கல்யாணம். பாட்டுக்குழுவின் சூடேறிய அம்ப்ளிஃபயரில் தூசி கருகும் மணம் வந்ததும், பிராண்டே ஊரில் சலவைக்கடைக்குக் கீழே இருந்த, இப்போது கார்கள் நிற்கிற அந்த நிலவறைக்குள் நினைவில் போய்விட்டேன்: மேலே இயந்திரங்கள் உறும, சவர்க்கார ஈரம் சுவரில் வழிய, தொழிற்சாலை வேலை முடிந்து வந்த மாமா அந்தப் பாட்டை ஓடவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு கூடவே வாசிப்பார். அவருடைய விரல் எப்போதும் பாட்டுக்குச் சற்றுப் பின்னால்தான் போகும் என்பது அப்போதே எனக்கு உறுத்தியது. உறையில் ஏன் பெயர் இல்லை என்று கேட்டால், "பாடினவன்ர பேரைத்தானடா போடுவாங்கள், அடிச்சவன்ர பேரை ஆர் போட்டது?" என்பார். அந்தப் பாட்டைப் பதிவுசெய்த ஸ்டூடியோவின் வாத்தியக்காரர் பலருக்கு நடந்தது அதுதான் என்று பிறகு புத்தகங்களில் வாசித்ததும், என் சந்தேகம் வெட்கப்பட்டு ஒதுங்கிவிட்டது.

மாமா இப்போது இல்லை. பந்தியில் பக்கத்தில் இருந்த மாமியிடம், மாமா அமெரிக்காவில் எப்போது இருந்தார் என்று மெல்லக் கேட்டேன்.

மாமி அப்பளத்தை நொறுக்கினார். "அந்தப் பாட்டு வரேக்க அவர் யாழ்ப்பாணத்தில அரைக் காற்சட்டையோட பள்ளிக்கூடம் போனவர். தம்பி, நீர் படிச்ச பிள்ளையெல்லே?"