ஏரிக்குள் வெள்ளரி

போன மாதம் முழுக்க நடந்தேன். உடம்பு காஞ்சிபுரம் வந்துவிட்டது. கால் இன்னும் வந்து சேரவில்லை...

வட்டார அலுவலகத்தில் எனக்குக் கொடுத்த வேலை அது. கிராமம் கிராமமாகப் போய் மலை எவ்வளவு, காடு எவ்வளவு, ஏரி எவ்வளவு, பயிர் எவ்வளவு என்று ஃபாரம் நிரப்ப வேண்டும்.

செங்கல்பட்டு ஜில்லாவில் மலை சுலபம் — தூரத்தில் நின்றே எழுதிவிடலாம். ஏரிதான் ஆளைக் கொல்கிறது. ஒரு கரையை விட்டு இறங்கினால் அடுத்த கரை. சித்திரை வெயிலில் எதிலும் தண்ணீர் இல்லை. வெடித்த சேறு, கருவேல மரம், நாலு மாடு. ஏரி என்று எழுதுவதா, தரை என்று எழுதுவதா?

முசரவாக்கம் தாண்டி ஒரு சின்ன ஏரி. உள்ளே இறங்கினால் பச்சைப் பசேலென்று வெள்ளரிக் கொடி! தண்ணீர் வற்றியதும் நிலமில்லாத குடும்பங்கள் ஆளுக்கொரு துண்டில் பயிர் வைப்பது அந்த ஊர் வழக்கம். மழைக்கு முன் எடுத்துவிடுவார்கள். சர்க்கார் இடம்தான். ஊர்க் கணக்கு எழுதும் கர்ணம் பார்ப்பார், எழுத மாட்டார்.

கொடிக்குக் குடத்தால் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த முனியம்மா என்பவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, கேட்காமலே ஒரு பிஞ்சைப் பறித்துக் கொடுத்தார். தின்றுகொண்டே ஃபாரத்தை விரித்தேன்.

“இத்த மட்டும் எழுதிக்காதம்மா. கர்ணமே எழுதறதில்ல.”

எனக்குச் சுருக்கென்றது. எங்கள் வீட்டில் பேனா பிடித்த முதல் கை இது. அப்பா தறியில் உட்கார்ந்து படிக்க வைத்த கை. கர்ணம் எழுதவில்லை என்றால் நானும் எழுதக்கூடாதா? ‘ஏரிக்குள் சாகுபடி — வெள்ளரி’ என்று முத்து முத்தாக எழுதினேன்.

மூன்றே வாரம். ஆக்கிரமிப்பு என்று எல்லோருக்கும் நோட்டீஸ் போய்விட்டது. கொடியைப் பிடுங்கிவிட்டு இடத்தைக் காலி செய்ய வேண்டுமாம். தாலுகா ஆபீசுக்கு ஓடினேன். அங்கிருந்த கிளார்க் என் கையெழுத்தைப் பாராட்டினார். மேலே போன ஃபாரத்தைத் திருத்த முடியாதாம்.

மறுபடி பஸ். மறுபடி அந்தக் கரை. முனியம்மா பிஞ்சும் பூவுமாகக் கொடியைச் சுருட்டிக்கொண்டிருந்தார். வருத்தம் சொல்ல வாயெடுத்தேன்.

“நீ இன்னா பொய்யா எழுதின? இருக்கறதத்தான எழுதின” என்றார். “ஆடி வரைக்கும் எங்களுக்கு இதான்மா சோறு.”

நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

நம் ஜில்லாவில் எத்தனையோ பேர், அவர்களைப் பற்றி யாரும் எழுதாததால்தான் பிழைத்துக் கிடக்கிறார்கள். இதை எந்தப் புத்தகத்தில் படித்தேன் நான்?

உண்மையைத்தானே எழுதினேன் என்று திரும்பும்போது பஸ்ஸில் எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன். கேட்டுக்கொண்டிருந்தவள் நம்பவில்லை.