கரண்ட் வைத்த உடம்பு

புற்றுநோய் என்ற சொல்லை எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. கட்டி என்போம். கட்டியோடு என் இடது மார்பையும் அறுத்தெடுத்த பிறகும் அதற்குக் கட்டி என்றே பெயர். ஆஸ்பத்திரியில் கதிர்வீச்சு கொடுப்பதற்கும் எங்கள் ஊர் நெல்லித்தோப்பில் ஒரே பெயர்தான், கரண்ட் வைப்பது. டாக்டரே அப்படித்தான் சொன்னார். "காயம் ஆறிடுச்சி, கரண்ட் வெச்சிடலாம்மா."

எண்பதுகளின் தொடக்கம் அது. கணவருக்கு மில்லில் ஷிப்ட் வேலை. சமையலுக்கும், நாலு வயது மகளைப் பார்த்துக்கொள்ளவும் என் நாத்தனார் வந்து தங்கினார். காலையில் பஸ் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போவேன். மெஷினுக்கு அடியில் அசையாமல் படுத்திருந்தால் போதும், வலி ஒன்றும் தெரியாது. வீட்டுக்கு வந்த பிறகுதான் பாடு. மார்பில் ஊதா மையால் கோடு போட்டிருப்பார்கள், அதில் தண்ணீர் படக் கூடாது, சோப்பு படக் கூடாது. போகப் போக அந்தத் தோல் கருத்து உரிந்தது. ரவிக்கை போட முடியாமல் பழைய வேட்டித் துணியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். சோற்று வாசனையே குமட்டியது. இதற்குச் செத்துத் தொலையலாம் என்று பல நாள் நினைத்திருக்கிறேன்.

மகளுக்கு இதெல்லாம் தெரியுமா? ஓடி வந்து மேலே விழுவாள். அவளைத் தடுக்க நாத்தனார் ஒரு வழி கண்டுபிடித்தார்.

"அம்மா மேல கரண்ட் இருக்குதுடி. தொட்டின்னா ஷாக் அடிக்கும்."

பிள்ளையைப் பயமுறுத்தச் சொன்னது என்று நினைத்தேன். பார்த்தால் அவரே அதை நம்பிக்கொண்டிருந்தார். ஈரக் கையோடு எனக்குக் காபி தர மாட்டார். முந்தானையில் கையை நன்றாகத் துடைத்து, டம்ளரைத் தரையில் வைத்துவிட்டு நகர்ந்துகொள்வார். கணவர் மில்லில் மோட்டார்களோடு மாரடிப்பவர், அவருக்குமா தெரியாது? அவரும் பாயைத் தள்ளிப் போட்டுக்கொண்டார். கேட்டால், "ஒடம்பு ஆறட்டும்னுதான்" என்றார். எனக்குச் சிரிப்பாகவும் இருந்தது, ஆத்திரமாகவும் இருந்தது.

ஒரு மத்தியானம் மகள் அப்பாவின் ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு சரக் சரக்கென்று உள்ளே வந்தாள். செருப்பு போடாமல் சுவிட்சைத் தொடக் கூடாது என்பது கணவர் வீட்டில் போட்டிருந்த சட்டம். என் கால் கட்டைவிரலை ஒற்றை விரலால் தொட்டாள்.

"அடிக்கலம்மா" என்றாள். அப்புறம் உள்ளங்கையை முழுதாக வைத்தாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு ஒரு மனுஷக் கை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

சத்தம் கேட்டு நாத்தனார் வந்தார். "வூட்டுக்குள்ள செருப்பா? லட்சுமி தங்குவாளாடி?" என்று செருப்பைப் பிடுங்கி வாசலில் போட்டார். ஷாக்கெல்லாம் பொய் என்று நான் சொன்னேன். அத்தை பேச்சைத்தான் மகள் நம்பினாள். வெறுங்காலோடு என்னிடம் வர அவளுக்குத் துணிச்சல் இல்லை.

கரண்ட் முடிந்து, நாத்தனாரும் ஊருக்குப் போனார். மாத்திரையும் பரிசோதனையும் மட்டும் தொடர்ந்தன. மகள் உடனே வந்துவிடவில்லை. முதலில் என் புடவை நுனியைப் பிடித்துக்கொண்டு தூங்கினாள். பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகு ஒருநாள் தலையணையைக் கொண்டுவந்து என் பக்கத்தில் போட்டு, காலைத் தூக்கி என் இடுப்பில் போட்டுக்கொண்டாள். அதன் பிறகு தினமும் அப்படித்தான். எனக்கு வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை.

பிறகு முதுகில் வலி தொடங்கியது. வேலை செய்த வலி என்று தைலம் தேய்த்துப் பார்த்தேன். டாக்டர் படம் எடுத்துப் பார்த்து, எலும்புக்குப் போய்விட்டது என்றார். முதுகுக்குக் கரண்ட் வைத்தால் வலி குறையும், அவ்வளவுதான் செய்ய முடியும் என்றார்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். பாடப் புத்தகத்தை மூடிவிட்டு மகள் நிமிர்ந்து பார்த்தாள்.

"திரும்பவும் கரண்டாம்மா?"

"ஷாக் அடிக்காதுடி. அத்தை அப்போ சும்மா சொன்னது."

"தெரியும்மா. நான் காலு போட்டா உனக்கு வலிக்கும்."

எழுந்து போய்த் தன் தலையணையை எடுத்து அப்பா பக்கம் போட்டாள். வலித்தால் வலிக்கட்டும், இங்கேயே படு என்று சொல்ல வாய் வரை வந்தது. முந்தின நாள் அவள் கால் பட்டு நான் கத்தியதை அவள் கேட்டிருந்தாள்.