ஏலத்தில் போன காப்பிக்கொட்டை

வெளியூரில் இருக்கும் சிநேகிதிகளுக்கு,

நெஞ்சு படபடப்புக்காக ஒரு மாதம் காப்பியை நிறுத்தும்படி மிஷன் ஆஸ்பத்திரி டாக்டர் சொல்லியிருந்தார். நான் வீம்பாக, “ஒரு மாதம் காப்பி குடிக்க மாட்டேன், மிச்சமாகும் கொட்டையைக் கர்த்தருக்கே கொடுக்கிறேன்” என்று பெண்கள் கூட்டத்தில் சொல்லிவிட்டேன். இருபது நாளாக ஒரு சொட்டுத் தொடவில்லை.

இன்று கோயிலில் அறுப்பின் பண்டிகை; காணிக்கையாக வந்ததையெல்லாம் ஏலம் விட்டார்கள். வாழைக்குலையும் சேவலும் ஏலம் போன பிறகு என் கொட்டைப் பொதி வந்தது. அதை எடுத்தவள் எதிர்வீட்டு ரோசம்மாள்.

“மைனி, நான் வறுத்தா கரிஞ்சு போவும். நீங்க வந்து வறுத்துத் தாருங்க.”

“ஏட்டி, என்னைச் சோதிக்கியா?”

“குடிக்கவா சொன்னேன்? வறுக்கத்தானே சொன்னேன்!”

போனேன். ஒரு பிடி வறுத்து இடித்து, கருப்பட்டி போட்டுக் கொதிக்கவைத்தேன். அவள் ஊதி ஊதிக் குடித்தாள். நான் வறுத்த சட்டியை முகத்தருகே பிடித்துக்கொண்டு, அது ஆறும்வரை கீழே வைக்கவில்லை.

குடிக்க மாட்டேன் என்றுதான் கூட்டத்தில் சொன்னேன். மணம் பிடிக்க மாட்டேன் என்று சொல்லவில்லை.

இன்னும் பத்து நாள் இருக்கிறது. அவள் பொதியிலும் கொட்டை இருக்கிறது. நாளைக்கும் வறுக்கப் போகலாமா? கார்டு கிடைத்ததும் பதில் எழுதுங்கள். வேண்டாம் என்பவர்கள் மெதுவாக எழுதினால் போதும்.