விமானம் போகும் வரை

பம்மலில் நான் வேன் வாடகைக்கு விடும் கடைக்கு ஒருமுறை ஒரு பெரியவர் வந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, கக்கத்தில் ஹெல்மெட். பொழிச்சலூர்க்காரர். அந்தப் பக்கத்து ஆட்களுக்கே உள்ள பழக்கம் அவரிடமும் இருந்தது. தலைக்கு மேல் விமானம் இரைந்தால் பேச்சைப் பாதியில் நிறுத்துவார். சத்தம் அடங்கியதும் விட்ட இடத்திலிருந்து தொடருவார்.

வெளிநாட்டிலிருந்து அவர் மகன் குடும்பத்தோடு காலையில் வந்து இறங்குகிறானாம். சாயங்காலம் துறைமுகத்தில் உல்லாசக் கப்பல் ஏறுகிறான். நடுவில் இருக்கும் அந்த ஒரு பகலில் ஊரைச் சுற்றிக் காட்ட வேண்டும்.

"ஏர்போர்ட்லேர்ந்து நேரா மாமல்லபுரம் தம்பி. வர்ற வழியில முட்டுக்காட்டுல போட்டிங். அப்புறம்..." விமானம் ஒன்று போனது. "...மெரினா. அங்கேர்ந்து ஹார்பர்."

மனுஷருக்கு வீட்டு நினைப்பே இல்லையா என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

"ஏர்போர்ட் பக்கத்துலயே உங்க வூடு கீது சார். அங்க போயி டிபன் சாப்ட்டுக் கெளம்பலாமே?"

ஹெல்மெட்டைக் கை மாற்றிக்கொண்டார்.

"அவன் அம்மா படுத்த படுக்கையா இருக்கா. அவனுக்குத் தெரியாது. தங்கச்சி வீட்டுக்குப் போயிருக்கான்னு சொல்லி வெச்சிருக்கேன்."

"தெரிஞ்சா கப்பலை உட்டுட்டு அம்மாகூடவே இருந்துடுவாரே சார்!"

"இருந்தான்னா சரி. அவளைப் பார்த்துட்டும் கப்பல் ஏறிட்டான்னா..."

நிறுத்திவிட்டார். நானும் வழக்கம்போல அண்ணாந்து பார்த்தேன். வானத்தில் விமானம் எதுவும் இல்லை.